தடியை எறியும் இடம்

பொத்தியா, கலிம்னோஸ் தீவு
9 அக்டோபர் 2016

அன்புள்ள அக்காவுக்கு,

போனில் நாம் பேச ஆரம்பித்தால் கடைசியில் அம்மாதான் அழுகிறாள். "இனிமே இந்த வீட்ல யாரும் போன்ல கத்தக் கூடாது. வேணும்னா எழுதிக்கோங்க, எழுத்து என் காதுல விழாது" என்று நேற்று சொல்லிவிட்டு, என் போனை மாவு டப்பாவுக்குள் போட்டு மூடிவிட்டாள். அதனால் எழுதுகிறேன். காகிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது, அது ஒரு வசதி.

விஷயம் அதேதான். நான் அந்த கிளினிக்குக்குப் போகிறேன். இடுப்பு எலும்பிலிருந்து மஜ்ஜையை எடுத்து, அதிலிருக்கும் ஸ்டெம் செல்களைப் பிரித்துப் பெருக்கி, தண்டுவடம் கெட்டுப்போன இடத்தில் ஊசியால் விடுவார்கள். மூன்று ஊசி. ஈஸ்டருக்குள் தடியில்லாமல் நடக்கலாம் என்று அந்த டாக்டரே சொன்னார். நீ "எந்த டாக்டரு, எங்க படிச்சவன்" என்று ஆரம்பித்தாய். நான் பதிலுக்கு ஏதோ சொன்னேன். அதைத் திரும்ப எழுதப் போவதில்லை, வாபஸ் வாங்கவும் போவதில்லை.

அவர்கள் அனுப்பிய வீடியோவை நீ முழுதாகப் பார்க்கவில்லை. ஒரு ஆள், நாற்பது வயதிருக்கும். முதலில் சக்கர நாற்காலியில் கிடக்கிறான். அப்புறம் தடியை ஊன்றி, உடம்பெல்லாம் நடுங்க நடுங்க நாலு அடி வைக்கிறான். கடைசியில் தடியைத் தூக்கி வீசிவிட்டு நடக்கிறான். அம்மா அதைப் பார்த்துவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டாள். நான் எத்தனை முறை பார்த்தேன் என்று எனக்கே தெரியாது.

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். நான் ஆழம் தெரிந்தே விட்டவன். அன்றைக்கு ஒரே நாளில் மூன்றாவது முறையும் கடலடியில் கடற்பஞ்சு அறுக்க இறங்கியது என் பேராசை, அதில் யாரையும் குறை சொல்லவில்லை. மேலே வந்து படகில் உட்கார்ந்தபோது கால்களைக் கீழேயே மறந்துவிட்டு வந்தது போல இருந்தது. அதற்கு இரண்டு வருஷம் ஆகிறது. இன்று என் நிலைமை இதுதான்: வலது காலை இடுப்பிலிருந்து தூக்கினால் வரும். இடது கால் அதற்கு இஷ்டமிருந்தால் வரும். பாதத்துக்கு அடியில் தரை இருக்கிறதா என்று கண்ணால் பார்த்தால்தான் தெரியும். தடியையும் சுவரையும் பிடித்துக்கொண்டு வாசல் வரை போவேன். கழிப்பறைக்குத் தனியாகப் போவேன். முப்பத்து நாலு வயதுக்காரனுக்கு இது போதும் என்கிறாயா?

ஊசிக்கான பணத்துக்காக என் படகை விற்கிறேன், நோமிகோஸ் வாங்கிக்கொள்கிறான். சித்தப்பா மகன்தானே, படகு ஊரைவிட்டுப் போகாது.

நீ ஊருக்கு வந்து இரண்டு ஈஸ்டர் ஆகிறது. நேரில் வந்து திட்டு, கேட்டுக்கொள்கிறேன்.

தம்பி
சக்கெல்லாரிஸ்


ஏதென்ஸ்
17 அக்டோபர் 2016

டேய் சக்கெல்லாரி,

உன் கையெழுத்து இன்னும் கோழி கிளறின மாதிரிதான் இருக்கிறது. படித்து முடிக்க ஒரு காபி ஆயிற்று.

நீ எழுதாமல் விட்டதை நான் எழுதுகிறேன், மறந்துவிடக் கூடாதே. "நீ கண்ணாடித் தட்டுல வளர்ற செல்லுக்குத்தான் அக்கா, எனக்கு இல்ல" என்றாய். சரி, அந்த செல்களைப் பற்றியே பேசுவோம். ரத்தப் புற்றுநோய் வார்டுக்காகப் பதினோரு வருஷமாக அவற்றுக்குத் தீனி போட்டு வளர்ப்பவள் நான். உன் கிளினிக் டாக்டர் சொல்லும் அதே மஜ்ஜை செல்கள். அவை ரத்தமாகும், எலும்பாகும், கொழுப்பாகும். அவற்றில் ஒன்று நரம்பானதை நான் பார்த்ததில்லை. தண்டுவடத்தில் விட்டால் பக்கத்தில் இருந்துகொண்டு எதையோ சுரக்கும், அதனால் வீக்கம் வற்றலாம், மிச்சமிருக்கிற நரம்புக்குத் தெம்பு வரலாம் என்று பல நாடுகளில் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நானும் அதை நம்ப ஆசைப்படுகிறவள்தான். ஆனால் யாரும் இதுவரை ஈஸ்டர் என்று தேதி குறிக்கவில்லை.

கெட்டால் என்ன ஆகும் என்றும் கேட்டுக்கொள். தட்டு சுத்தமில்லை என்றால் கிருமி நேராகத் தண்டுவடத்தின் உறைக்குள் போகும். வேண்டாத செல் கலந்திருந்தால் அங்கேயே கட்டி வளரும். அப்போது அந்த வலது காலும் போகும், தனியாகக் கழிப்பறைக்குப் போவதும் போகும். அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்ட கதை ஆகிவிடும்.

எங்கள் ஆஸ்பத்திரியிலேயே மேல்மாடியில் ஒரு ஆய்வு தொடங்குகிறார்கள். இதே செல், இதே தண்டுவடம், ஆனால் ஒழுங்காக. வெளியில் எங்கும் ஊசி போட்டுக்கொள்ளாதவர்களை மட்டும்தான் எடுப்பார்கள். உன் பெயரைச் சொல்லி வைக்கிறேன். ஒன்று தெரிந்துகொள்: பாதிப் பேருக்கு செல், பாதிப் பேருக்கு வெறும் உப்புத் தண்ணீர். யாருக்கு எது என்று ஊசி போடுகிறவருக்கே தெரியாது. அப்படிச் செய்தால்தான் செல் வேலை செய்ததா, ஆசை வேலை செய்ததா என்று பிரித்துப் பார்க்க முடியும்.

ஈஸ்டருக்கு வராததற்குக் காரணம், செல்களுக்கு ஈஸ்டர் தெரியாது. ஒரு நாள் தீனி போடாவிட்டால் செத்துப்போகும். அம்மாவிடம் போனை மாவிலிருந்து எடுக்கச் சொல்.

தெமெலினா


பொத்தியா
30 அக்டோபர் 2016

அக்கா,

உப்புத் தண்ணீருக்கு நான் ஏதென்ஸ் வரை வர வேண்டுமா? வாசலில் எட்டிப் பார்த்தால் கண்ணுக்கெட்டிய தூரம் வரை அதுதான் கிடக்கிறது.

நேற்று நோமிகோஸ் கல்யாணம். நல்லபடியாக நடந்தது. பெண் அவனைவிட உயரம், அதை வைத்து ஊரே அவனை ஓட்டுகிறது. ஆனால் நான் சொல்ல வந்தது வேறு. இதைச் சொன்னால் நான் ஏன் போகிறேன் என்று உனக்குப் புரியலாம். புரியாவிட்டாலும் சொல்லிவிடுகிறேன்.

யானாரோஸ் மாமா வயலின் வாசித்தார். எல்லா ஆட்டமும் ஆடியாயிற்று, மிஹானிக்கோஸ் ஆட்டம் மட்டும் வரவில்லை. என்னைப் போல ஆழத்திலிருந்து ஏறும்போது கடல் பிடித்து நொண்டியானவனின் ஆட்டம். வரிசைக்குத் தலையாக நிற்பவன் தடியோடு வருவான், கால் நடுங்கும், விழப் போவான், தோள் பிடித்து நிற்கிற வரிசை அவனுக்காகக் காத்து நிற்கும், கடைசியில் தடியைத் தூக்கி எறிந்துவிட்டு முழுக் காலோடு சுழல்வான். உனக்குத் தெரிந்ததை ஏன் எழுதுகிறேன் என்றால், எழுதும்போதாவது ஒரு தரம் ஆடிப் பார்க்கிறேன். பதினேழு வயதிலிருந்து இந்த ஊரில் அதற்குத் தலை நான்தானே. நான் நடுங்கினால் உண்மையாகவே கடல் பிடித்தவர்களின் பெண்டாட்டிகள் அழுவார்கள்.

இரண்டு வருஷமாக என் முன்னால் அதை வாசிப்பதில்லை. நேற்று நானே வாய்விட்டுக் கேட்டேன். "மாமா, மிஹானிக்கோஸ் வாசிங்களேன்." அவர் வில்லைத் துடைத்துக்கொண்டே, "ஒரு தந்தி சரியில்லப்பா" என்றார். மற்ற எல்லாப் பாட்டுக்கும் சரியாக இருந்த தந்தி.

ஒன்றுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு வெளியே வந்தேன். கதவைத் தாண்டியிருக்க மாட்டேன், உள்ளே அந்தப் பாட்டு ஆரம்பித்துவிட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு முழுக்கக் கேட்டேன். தடி தரையில் விழுகிற சத்தமும் எல்லோரும் கைதட்டுகிற சத்தமும் கேட்டது. உள்ளே போகவில்லை. போனால் நிறுத்திவிடுவார்கள், கல்யாண நாளில் அது எதற்கு?

ஈஸ்டர் திங்கட்கிழமை சதுக்கத்தில் நான் அதை ஆட வேண்டும், தடியை எறிய வேண்டும். கடலுக்குப் போவதெல்லாம் அப்புறம். இப்போது சொல், உன் மேல்மாடி எனக்கு என்ன தேதி கொடுக்கும்?

சக்கெல்லாரிஸ்


ஏதென்ஸ்
8 நவம்பர் 2016

தம்பி,

தந்தி கதையைப் படித்துவிட்டு ஆய்வகத்தின் கழிப்பறையில் போய் உட்கார்ந்து அழுதேன். கூட வேலை செய்கிற பெண் கதவைத் தட்டி, "செல் ஏதும் செத்துப்போச்சா?" என்று கேட்டாள். யானாரோஸ் மாமா என் கையில் கிடைத்தால் அந்த வில்லாலேயே நாலு போடுவேன். பாவம், அவருக்கும் என்ன செய்வதென்று தெரிந்திருக்காது.

ஒன்று சொல்ல வேண்டும். நான் ஊருக்கு வராததற்குக் காரணம் செல் இல்லை. தீனி போட இங்கே இன்னும் நாலு பேர் இருக்கிறார்கள். போன தடவை நான் வந்தபோது நீ சுவரைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்து "வாக்கா" என்றாய். எனக்கு அதைப் பார்க்க முடியவில்லை. பையை எடுக்கிற சாக்கில் திரும்பிக்கொண்டேன். நீ கவனித்திருப்பாய் என்று நினைக்கிறேன். அந்த வெட்கத்தில்தான் இரண்டு ஈஸ்டர் போயிற்று.

போகாதே என்று இனி சொல்லவில்லை. சொன்னால் நீ நாளைக்கே கிளம்புவாய். ஒரே ஒரு கேள்வியை அந்த டாக்டரிடம் கேள்: குணமாகாதவர்கள் எங்கே, அவர்களில் ஒருவரோடு நான் பேசலாமா? எங்கள் மேல்மாடிக்காரர்கள் காபி குடிக்கும்போதெல்லாம் தோற்றுப்போன கதையைத்தான் பேசுகிறார்கள். எது ஏன் நடக்கவில்லை என்று ஒருவரை ஒருவர் பிய்த்துக்கொள்கிறார்கள். அந்தப் பேச்சே இல்லாத இடமென்றால் எனக்குப் பயமாக இருக்கிறது.

ஈஸ்டர் தேதி என்னால் கொடுக்க முடியாது. உன் பெயரை மட்டும் கொடுத்திருக்கிறேன்.

அக்கா


ஊர் பெயர் எழுத மாட்டேன்
3 டிசம்பர் 2016

அக்கா,

வந்துவிட்டேன். ஊர் பெயரை எழுதினால் நீ அங்கிருந்தே போலீசைக் கூப்பிடுவாய். பனி கொட்டுகிறது, கடல் இல்லை, சாப்பாட்டில் எண்ணெய்யே இல்லை. ஒரு பழைய ஹோட்டலின் கீழ்த்தளம்தான் கிளினிக். நோயாளிகள் மேலே தங்குகிறோம். புதன்கிழமை இடுப்பிலிருந்து மஜ்ஜை எடுத்தார்கள். அந்த வலியைச் சொல்லி உன்னைச் சந்தோஷப்படுத்தப் போவதில்லை. நாளை முதல் ஊசி.

உன் கேள்வியைக் கேட்டேன். மொழிபெயர்க்கிற பெண் டாக்டரிடம் சொன்னாள், டாக்டர் சிரித்தார். "இங்க குணமாகாதவங்கன்னு யாருமே இல்லயாம்" என்றாள். நம் கடலில்கூடப் பத்து பேர் இறங்கினால் மூன்று பேர் வெறும் பையோடுதான் ஏறுவார்கள். அது கொஞ்சம் உறுத்தியது.

இன்னொன்று, வந்த அன்றே என்னை வீடியோப் படம் எடுத்தார்கள். என்னைச் சக்கர நாற்காலியில் உட்காரச் சொன்னார்கள். "நான் நாற்காலியை விட்டு ரொம்ப நாளாச்சு, தடியோட நடப்பேன்" என்றேன். "அது அப்புறம்" என்றார்கள். உட்கார்ந்தேன். தலையைக் கொஞ்சம் தொங்கப்போடச் சொன்னார்கள். தொங்கப்போட்டேன்.

கிரேத்தா தீவிலிருந்து மனூசோஸ் என்று ஒருவர் மகளோடு வந்திருக்கிறார். பெண்ணின் பெயர் ஆர்கிரோ, பத்தொன்பது வயது. மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து கழுத்தில் அடி. காலில் ஒன்றுமில்லை, கையில் கொஞ்சம் உயிர் இருக்கிறது, தானே ஸ்பூன் பிடித்துச் சாப்பிடுவாள். அவளுக்கு முதல் ஊசி போட்டாயிற்று. நல்ல வாய்த்துடுக்கு. "நீங்க கடற்பஞ்சுக்காரரா? அப்ப இங்க எதுக்கு வந்தீங்க, ஊறவா?" என்றாள். வரவேற்பறையில் டிவியில் அந்த வீடியோவே நாள் முழுக்க ஓடுகிறது. அவளும் நானும் வேறு வழியில்லாமல் அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

இன்று மத்தியானம்தான் எனக்குப் பொறி தட்டியது. அந்த ஆள் நடக்கும்போது கேமராவைப் பார்க்கிறான்.

அக்கா, தரை தெரியாதவன் எதிரே பார்த்து நடக்க மாட்டான். நான் வாசலுக்குப் போகும்போது அம்மா எதிரே தங்கத்தைக் கொட்டினாலும் நிமிர மாட்டேன், பாதத்தைத்தான் பார்ப்பேன், கண்ணை எடுத்தால் விழுவேன். இவன் முழங்காலை அழகாக நடுக்கிக்கொண்டு நேராக நம்மைப் பார்த்துச் சிரிக்கிறான். தடியை எறிகிறபோது அது எங்கே விழுகிறது என்றுகூடப் பார்க்கவில்லை. நான் சதுக்கத்தில் ஆடியபோது அப்படித்தான் ஆடினேன். முழங்காலை நடுக்கிக்கொண்டு, யார் யார் பார்க்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டு. அது நம் ஆட்டம் அக்கா. தடியை எறிந்தால் கால் வந்துவிட்டது என்று குழந்தையிலிருந்து பார்த்து வளர்ந்தவர்கள் நாம். வேறு ஊர்க்காரன் ஒரு கேள்வியாவது கேட்டிருப்பான். நான் பார்த்த உடனே நம்பிவிட்டேன்.

நாளைக் காலை என் முறை. படகு போயாயிற்று. இத்தனை தூரம் வந்தாயிற்று. ஒருவேளை அந்த ஆள் மட்டும் பொய்யாக இருந்து ஊசி நிஜமாக இருந்தால்? வரவேற்பறையில் இருக்கிற போனில் உன்னைக் கூப்பிட்டுப் பேசலாம். நீ கத்துவாய். நீ கத்தினால் அந்த வீம்புக்கே நான் போட்டுக்கொள்வேன், நம் ரத்தம் அப்படி. அதனால் கூப்பிடவில்லை. இதைத் தபாலில் போடுகிறேன்.

சக்கெல்லாரிஸ்


ஏதென்ஸ்
14 டிசம்பர் 2016

சக்கெல்லாரி,

உன் கடிதம் இன்றுதான் வந்தது. நீ வீட்டுக்கு வந்துவிட்டாய் என்று அம்மா சொன்னாள். ஊசி போட்டாயா என்று கேட்டால், "அவன் வாயே தெறக்கல, சுவரைப் பார்த்துப் படுத்திருக்கான், நீ எழுதிக் கேளு" என்கிறாள். அவள் போட்ட சட்டத்தை அவளே காப்பாற்றுகிறாள்.

புதன்கிழமை எடுத்து ஞாயிற்றுக்கிழமை ஊசி என்றால் செல்லைப் பெருக்க நேரமே இல்லை. எனக்கு அதற்கு இரண்டு மூன்று வாரம் வேண்டும். அவர்கள் ஊசியில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. போட்டுக்கொண்டிருந்தால் சொல்லிவிடு, ஒரு வார்த்தை திட்ட மாட்டேன். காய்ச்சல், கழுத்து மடங்காத வலி, தாங்க முடியாத தலைவலி, இதில் எது வந்தாலும் அம்மாவிடம் சொல்லி அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போ. வலது கால் எப்படி இருக்கிறது? அதை மட்டுமாவது எழுது. எனக்கு வேலை ஓடவில்லை.

அக்கா


பொத்தியா
20 டிசம்பர் 2016

அன்புள்ள அக்காவுக்கு,

வலது கால் அப்படியே இருக்கிறது. இடது காலும் அதே திமிரோடு இருக்கிறது. ஊசி போட்டுக்கொள்ளவில்லை.

நடந்ததைச் சொல்கிறேன். கவுன் மாட்டி, ஒருக்களித்துப் படுக்கவைத்து, முதுகில் மருந்து துடைத்துவிட்டார்கள். கதவு திறந்திருந்தது. நடைபாதையில் அந்தப் படம் எடுக்கிறவன் கேமராவை நிறுத்தி விளக்கு போட்டுக்கொண்டிருந்தான். "அது எதுக்கு?" என்றேன். மொழிபெயர்க்கிற பெண், "ஊசி முடிஞ்சதும் கொஞ்சம் ரெஸ்ட் எடுங்க சார். அப்புறம் நீங்க நடக்கறத எடுத்துடலாம். நேத்து வாசல்ல தடியோட நடந்தீங்களே, அதே மாதிரி" என்றாள்.

"அது ஊசி போடாமலே நடப்பேனேம்மா" என்றேன்.

"அதனாலதான் சார்" என்றாள். அவள் கேலியாகச் சொல்லவில்லை, வேலையைச் சொன்னாள்.

எழுந்து உட்கார்ந்துவிட்டேன். டாக்டர் வந்தார், பேசினார். கடைசியில், ஊசி வேண்டாமென்றால் போகட்டும், நடப்பதை மட்டும் எடுத்துக்கொள்கிறோம், கட்டிய பணத்தைத் திருப்பித் தருகிறோம் என்றார். உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன் அக்கா, ஒரு நிமிடம் எனக்கு ஆசை வந்தது. காசுக்காக இல்லை. விளக்கு போட்டிருந்தது, பார்க்க ஆள் இருந்தார்கள், எல்லோரும் ஒதுங்கி வழி விட்டு நின்றார்கள். இரண்டு வருஷத்தில் யாரும் என்னை ஆடச் சொன்னதில்லை. இவர்கள்தான் சொன்னார்கள். அந்த ஆளைவிட நான் நன்றாக நடுங்குவேன் என்றும் எனக்குத் தெரியும்.

அப்போது கதவோரம் ஆர்கிரோவின் நாற்காலி நின்றது. என் கவுனைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள். அவளுக்கு அடுத்த ஊசி சாயங்காலம். என் படமும் அந்த டிவியில் ஓடும், அவளைப் போல இன்னொருத்தி அதைப் பார்ப்பாள் என்று தோன்றியது. சட்டையை எடுத்துக் கொடுக்கச் சொன்னேன்.

மனூசோஸிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அந்த ஆள் கேமராவைப் பார்க்கிறான் என்றும் சொன்னேன். அவர் என் சட்டையைப் பிடித்துவிட்டார். "உனக்கு வேணாம்னா நீ போய்யா. என் பொண்ணு காதுல விழற மாதிரி இதப் பேசாத" என்றார். கோபமாகத்தான் பிடித்தார், ஆனால் நான் தடுமாறியதும் அவரே தாங்கியும் பிடித்தார். அவருடைய சிகரெட் பெட்டியின் பின்னால் உன் பெயரையும் நம்பரையும் எழுதிக் கொடுத்தேன். "ஏதாவது ஆச்சுன்னா எங்க அக்காவைக் கூப்பிடுங்க. கத்துவா, ஆனா வருவா" என்றேன்.

வீட்டுக்கு வந்து இத்தனை நாள் எழுதாததற்குக் காரணம், நீ சொன்னது சரி என்று எழுத வேண்டியிருக்குமே என்பதுதான். எழுதிவிட்டேன், பத்திரமாக வைத்துக்கொள்.

நோமிகோஸ் படகில், கீழே இறங்கியவனுக்கு மூச்சுக் காற்று போகிற குழாயைப் பார்த்துக்கொள்கிற வேலைக்கு வரச் சொல்கிறான். என் படகில் நானே கூலிக்கு! சரி என்றுவிட்டேன். உன் மேல்மாடிக்காரர்களிடம் சொல்: உப்புத் தண்ணீரானாலும் பரவாயில்லை, வருகிறேன்.

சக்கெல்லாரிஸ்


ஏதென்ஸ்
2 பிப்ரவரி 2017

தம்பி,

இதை எழுத உட்கார்ந்து மூன்றாவது தடவை.

முதலில் ஆர்கிரோ. மனூசோஸ் ஜனவரி கடைசியில் என்னைக் கூப்பிட்டார். மூன்றாவது ஊசிக்குப் பிறகு காய்ச்சல். அங்கே மாத்திரை கொடுத்து விமானம் ஏற்றிவிட்டிருக்கிறார்கள். எங்கள் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். தண்டுவடத்தின் உறையில் கிருமி. ஒரு வாரம் எல்லோருக்கும் பயமாக இருந்தது, இப்போது காய்ச்சல் இறங்கிவிட்டது. பிழைத்துக்கொள்வாள். ஆனால் ஸ்பூன் பிடித்த கை இப்போது இல்லை. திரும்ப வரலாம் என்கிறார்கள், உறுதியாகச் சொல்லவில்லை. அவள் உன்னைக் கேட்டாள். "அந்தக் கடற்பஞ்சு அண்ணன் நடக்கறாரா?" என்றாள். முன்பு போலவே என்றேன். "நல்லவேளை" என்றாள். மனூசோஸ் என் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை. எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை, நம் அம்மாவும் அந்த வீடியோவைப் பார்த்துச் சிலுவை போட்டவள்தானே.

இனி அடுத்தது. மேல்மாடி ஆய்வில் உன்னை எடுக்க மாட்டார்கள். அடிபட்டு, எலும்பு முறிந்து தண்டுவடம் நசுங்கியவர்களை மட்டும்தான் எடுக்கிறார்கள். உனக்கு நடந்தது காற்றுக் குமிழி ரத்தத்தில் அடைத்ததால் வந்தது, கெட்டுப்போன விதமே வேறு, இரண்டையும் கலந்தால் கணக்கு குழம்பும் என்றார்கள். அவர்கள் சொல்வது நியாயம். இது முதல் நாளே எழுதி வைத்த விதி. நான் அக்டோபரில் உனக்கு எழுதுவதற்கு முன்னால் மாடி ஏறிப்போய் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. உன்னைத் தடுத்தால் போதும் என்ற அவசரத்தில் கையில் கிடைத்ததை எடுத்துக் காட்டினேன். நானும் உனக்கு ஒரு வீடியோ காட்டியிருக்கிறேன் தம்பி.

உன் போன்றவர்களுக்கு என்று ஒரு ஆய்வு என்றாவது வரும். எப்போது என்று எனக்குத் தெரியாது. தெரியாது என்று முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

நீ என்ன எழுதினாலும் வாங்கிக்கொள்கிறேன்.

அக்கா


ஏதென்ஸ்
21 மார்ச் 2017

சக்கெல்லாரி,

திட்டவாவது எழுது. அம்மாவிடம் கேட்டால் "கடலுக்குப் போறான், வரான், சாப்பிடறான்" என்கிறாள், அதற்கு மேல் வாங்க முடியவில்லை.

ஆர்கிரோ நேற்று ஊருக்குப் போனாள். வலது கையில் இரண்டு விரல் அசைகிறது. ஸ்பூனை ஒரு பட்டையால் கையோடு கட்டிவிட்டிருக்கிறார்கள், சாப்பிடுகிறாள், பாதியைத் தன் அப்பா மேல் கொட்டுகிறாள், வேண்டுமென்றே என்று எனக்குச் சந்தேகம்.

ஈஸ்டருக்கு வர விடுப்புக் கேட்டேன், கொடுக்கவில்லை. இந்தத் தடவை நிஜமாகவே கொடுக்கவில்லை. வேண்டுமானால் மேலாளரிடம் கையெழுத்து வாங்கி அனுப்புகிறேன்.

தெமெலினா


பொத்தியா
19 ஏப்ரல் 2017

அன்புள்ள அக்காவுக்கு,

கிறிஸ்து உயிர்த்தெழுந்தார். மலைமேல் இளவட்டங்கள் வழக்கம்போல டைனமைட் வெடித்தார்கள், நம் வீட்டு ஜன்னல் கண்ணாடி ஒன்று போயிற்று. அம்மா ஆட்டுக்குட்டியை மண்பானையில் வைத்து இரவெல்லாம் அடுப்பில் விட்டாள். உன் பங்கை நான் சாப்பிட்டேன்.

இரண்டு மாதம் எழுதாதது கோபத்தில்தான். ஊசி என்னைக் கைவிட்டபோது உன் மாடியைப் பிடித்துக்கொண்டிருந்தேன், அதையும் நீயே எடுத்துவிட்டாய். பட்ட காலிலே படும் என்பது சும்மாவா? ஒரு மாதம் உன்னைத் திட்டினேன், படகில் உட்கார்ந்து, வாய்விட்டு. நோமிகோஸ் கீழே தண்ணீருக்குள் இருந்ததால் மீன்கள்தான் கேட்டன. பிறகு குழாயைப் பிடித்திருந்த கையைப் பார்த்தேன். வேலை ஒழுங்காக நடந்துகொண்டிருந்தது. நோமிகோஸை நான் மூன்றாவது முறை இறங்க விடுவதில்லை, கெஞ்சுவான், விட மாட்டேன். அதற்கப்புறம் கோபம் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விட்டது. மிச்சம் கொஞ்சம் இருக்கிறது, நேரில் வந்தால் தீர்த்துக்கொள்ளலாம்.

இப்போது திங்கட்கிழமை கதை. சதுக்கத்தில் ஊரே இருந்தது. யானாரோஸ் மாமா வாசித்தார். நான் எழுந்து அவரிடம் போனேன். நான் போய்ச் சேருவதற்குள் ஒரு பாட்டு முடிந்துவிட்டது. "மிஹானிக்கோஸ், மாமா" என்றேன். அவர் வயலினைத் தடவிக்கொண்டு, "தந்தி..." என்று இழுத்தார். சட்டைப் பையிலிருந்து எடுத்து நீட்டினேன். கடையில் சொல்லி வரவழைத்த புதுத் தந்தி, நாலும் இருந்தது. "எது சரியில்லன்னு சொல்லுங்க, மாத்திக்கலாம்" என்றேன். அவருக்கு முகம் சிவந்துவிட்டது. எதையும் மாற்றாமல் வாசிக்க ஆரம்பித்தார்.

நோமிகோஸ் வந்து என் தோளைப் பிடித்தான், அவனுக்குப் பின்னால் வரிசை சேர்ந்தது. ஆடினேன் அக்கா. முழங்காலை நடுக்கவில்லை, நடுங்க அதற்குத் தெம்பில்லை. இடுப்பிலிருந்து தூக்கி வைத்தேன், பாதத்தைப் பார்த்தேன், தடியை ஊன்றினேன், மறுபடி தூக்கினேன். யார் பார்க்கிறார்கள், யார் அழுகிறார்கள் என்று எனக்குத் தெரியாது, என் கண்ணெல்லாம் தரையில்தான். பின்னால் வரிசை எனக்காக நின்று நின்று வந்தது. முன்பு அது நடிப்புக்கு நிற்கும். இப்போது நிஜமாகவே நிற்க வேண்டியிருந்தது, ஒருவன்கூட அவசரப்படவில்லை.

தடியை எறிகிற இடம் வந்தது. எறியவில்லை. எறிந்தால் விழுவேன். மாமா அந்த இடத்தை இன்னொரு முறை வாசித்தார். நான் அடுத்த அடியை வைத்தேன். இன்னொரு முறை வாசித்தார். அந்தப் பாட்டுக்குத் தடி விழுந்தால்தான் முடிவு, அவருக்கு வேறு மாதிரி முடிக்கத் தெரியாது. சுற்றிச் சுற்றி அதே இடத்துக்கு வந்துகொண்டிருந்தார், எனக்கோ கால் கழன்றுவிடும் போல இருந்தது. கடைசியில் நான்தான் சத்தம் போட்டேன். "மாமா, போதும் நிறுத்துங்க! தடிய எறியறவன் இன்னிக்கு வரல!"

அப்படியே பாதியில் நிறுத்தினார். யாரும் கைதட்டவில்லை, எந்த இடத்தில் தட்டுவது என்று தெரியவில்லை. பிறகு அம்மாவின் குரல்தான் கேட்டது: "மரம் மாதிரி நிக்கறீங்களே, பிள்ளைக்கு ஒரு நாற்காலி போடுங்கடா!" அதற்கு எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உட்கார்ந்த பிறகு நோமிகோஸ் பெண்டாட்டி ஒரு கிளாஸ் கொடுத்தாள், யானாரோஸ் மாமா வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

உன் ஆய்வு என்றைக்காவது வந்தால் சொல், நான் வருகிறேன். அது வரும் வரை படகு இருக்கிறது. அம்மா போனை மாவிலிருந்து எடுத்துவிட்டாள், ஆனால் அது வேலை செய்யவில்லை, உள்ளே முழுக்க மாவு.

கோடையில் ஊருக்கு வா. வரும்போது பையை எடுக்கிற சாக்கில் திரும்பிக்கொள்ளாதே. அன்றைக்கு நீ திரும்பிக்கொண்டாய் என்று நீ எழுதித்தான் எனக்குத் தெரியும். நான் குனிந்து பாதத்தைப் பார்த்துக்கொண்டுதானே வாசலுக்கு வருவேன். நீ நன்றாகப் பார்க்கலாம்.

தம்பி
சக்கெல்லாரிஸ்